தீயும் வெப்பமும்: தமிழகச் சிறுபட்டறைகளின் கூரைப்பொருள் மாற்றம்

திறவுச்சொற்கள்: பட்டறை, கீற்று, சீமை ஓடு, தகரம், கல்நார்ச் சிமெண்ட் தகடு, நகராட்சிச் சட்டம், தொழிற்சாலைகள் சட்டம்

முன்னுரை

பங்குனி, சித்திரை மாதங்களில் தமிழகச் சிறுநகரங்களின் பட்டறைகளையும் தறிக்கூடங்களையும் கடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். கல்நார்ச் சிமெண்ட் தகடு போட்ட கூரையின்மேல் தென்னங்கீற்று பரப்பப்பட்டிருக்கும். சில இடங்களில் தகட்டின் முதுகில் சுண்ணாம்பு அடித்திருப்பர். வேறு சில இடங்களில் தகட்டுக்குக் கீழே பாயையோ சாக்கையோ இழுத்துக் கட்டியிருப்பர். கீற்றைக் களைந்துவிட்டுத் தகட்டுக்கு மாறியவர்களே அதன்மேல் மீண்டும் கீற்றை ஏற்றுவது ஏன்? வெக்கை தாங்கவில்லை என்பது உடனடி விடை. ஆனால் வெக்கை தாங்காத ஒரு பொருள் இத்தனை பட்டறைகளின் தலைமேல் எவ்வாறு ஏறியது என்னும் வினாவுக்கு அவ்விடை போதாது. விலை, நீடிப்பு ஆகிய வழக்கமான காரணங்களோடு சட்டத்தின் பங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

கீற்றிலிருந்து தகடு வரை

கீற்றுக்கூரை வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. கைத்தறி நெசவுக்கு இது பெரிதும் உகந்தது. காற்று வறண்டால் பாவு நூல் அறும். குழித்தறியின் ஈரத்தரையும் கீற்றின் நிழலும் சேர்ந்து நூலைக் காத்தன. கொல்லன் உலைக்கோ அதே கீற்று பகை. பறக்கும் ஒரு பொறி போதும். ஆகவே பட்டறைக்கு ஏற்ற கூரை எது என்னும் வினாவுக்குத் தொழில்தோறும் விடை வேறுபட்டது. எல்லாப் பட்டறைகளையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தது பின்னாளைய நிகழ்வு. ஓராண்டு இரண்டாண்டுக்கு ஒருமுறை கூரையைப் பிரித்து வேய வேண்டிய செலவும் கீற்றுக்கு உண்டு.

1865இல் பாசல் மிஷனைச் சேர்ந்த கியோர்க் பிளெப்ஸ்ட் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலை, தென்னிந்தியக் கூரை வரலாற்றின் திருப்பங்களுள் ஒன்று. ஒன்றோடொன்று பொருந்தும் அந்த ஓட்டை மக்கள் 'சீமை ஓடு' என்றனர். குயவர் வனைந்தது 'நாட்டு ஓடு' ஆயிற்று. சீமை ஓடு தீப்பற்றாது. அதன் இடுக்குகள் வழியே சூடேறிய காற்று வெளியேறும். இடையிடையே கண்ணாடி ஓடு பதித்தால் வெளிச்சமும் கிடைக்கும். பட்டறைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் அக்காலத்தில் இல்லை என்பது என் கருத்து. ஆயினும் அதன் எடையைத் தாங்கக் கைமரமும் நெருக்கமான சட்டங்களும் வேண்டும். மழைநீர் உட்புகாமலிருக்கச் சரிவும் கூடுதலாக வேண்டும். எனவே அகலமான கூடத்துக்கு ஓடு போடுவது மரச்செலவைப் பெருக்கியது.

மரம் விலையேறியதும் தகடு வென்றது. நெளிதகரத்துக்கு 1829இல் இலண்டனில் ஹென்றி ராபின்சன் பாமர் காப்புரிமை பெற்றார். துத்தநாகப் பூச்சு அதன் ஆயுளை நீட்டித்தது. கல்நார் இழையையும் சிமெண்டையும் கலந்து, காகிதம் செய்வது போல் மென்படலங்களாகப் படியவைத்துத் தகடாக்கும் முறைக்கு ஆஸ்திரியரான லுட்விக் ஹாட்ஷெக் 1901இல் காப்புரிமை பெற்றார். அவ்வகைத் தகடு துருப்பிடிக்காது. மழையில் தகரத்தைப் போல் இரைச்சலிடாது. சில இரும்புக் குழாய்களின்மேல் ஒரே நாளில் போட்டுவிடலாம். இங்கே சொல்வழக்கொன்றும் கருதத்தக்கது. கீற்றும் ஓடும் 'வேயப்பட்டன', தகடோ 'போடப்படுகிறது'. வேய்தல் ஆண்டுதோறும் ஒரு கைவினைஞனை அழைத்தது. போடுதல் அவனை ஒரே முறையில் அனுப்பிவிட்டது.

இரு சட்டங்கள்

1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் துணி, புல், இலை, பாய் முதலிய எளிதில் தீப்பற்றும் பொருள்களால் புறக்கூரை அமைப்பதை முன் அனுமதியின்றிச் செய்யலாகாது எனத் தடுத்தன. நகர எல்லைக்குள் கட்டடம் பெரிதா சிறிதா, அதில் எத்தனை பேர் வேலை செய்கின்றனர் என்பன இவ்விதிக்குப் பொருட்டல்ல. கூரைப்பொருளைச் சட்டம் ஒரே ஓர் அளவுகோலால் அளந்தது: அது எரியுமா, எரியாதா.

இந்த அச்சம் வீணானதன்று. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கீற்றுக்கூரையில் பரவிய தீ 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டது. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. கீற்றைப் புகழ்ந்து எழுதும் எவரும் இந்த எண்ணிக்கையை மறந்து எழுதலாகாது.

வெப்பத்தைப் பற்றியும் சட்டம் பேசியது; ஆனால் வேறோர் இடத்தில். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வேலைக்கூடத்தின் சுவரும் கூரையும் வெப்பத்தை இயன்றவரை தாழ்த்தி வைக்கும் பொருளாலும் வடிவாலும் அமைய வேண்டும் என்றது. மிகை வெப்பத்தைக் குறைக்கும் வழிகளாக வெள்ளையடித்தல், நீர் தெளித்தல், கூரையை உயர்த்துதல், இடையே காற்று வெளியுடன் இரட்டைக் கூரை அமைத்தல் ஆகியவற்றை அச்சட்டத்தின் மூல வடிவம் பெயர் சொல்லியே குறித்தது. முன்னுரையில் கண்ட காட்சியை இங்கே நினைவுகூர வேண்டும். தகட்டின்மேல் பரப்பிய கீற்று இரட்டைக் கூரையே. சுண்ணாம்புப் பூச்சும் அச்சட்டம் சொன்ன வழியே. சட்டத்தைப் படிக்காமலே பட்டறைக்காரர் அதை நிறைவேற்றுகிறார். ஆனால் அதற்காக நகராட்சிச் சட்டம் ஐயுறும் பொருளை மீண்டும் கூரையேற்றுகிறார்.

முரண் எங்கே எழுகிறது? விசையாற்றல் பயன்படும் இடத்தில் 10 பேரும், அஃதில்லாத இடத்தில் 20 பேரும் வேலை செய்தால்தான் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது 'தொழிற்சாலை' ஆயிற்று. நான்கு விசைத்தறிகளும் மூவரும் உள்ள கூடம் அவ்வரையறைக்குள் வரவில்லை. 85ஆம் பிரிவின்படி அரசு அறிவிக்கை மூலம் சிறிய இடங்களுக்கும் சட்டத்தை விரிக்க முடிந்தது. ஆயினும் உரிமையாளர் தம் குடும்பத்தாரை மட்டும் கொண்டு தொழில் செய்யும் இடம் அதற்கும் விலக்காக இருந்தது. ஆக, தீயைப் பற்றிய விதி நகரத்துப் பட்டறைகள் அனைத்தையும் எட்டியது. வெப்பத்தைப் பற்றிய விதி அவற்றுள் பெரியவற்றை மட்டும் எட்டியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சிறு பட்டறைக்காரருக்கு எரியாத, மலிவான பொருள் போதுமானதாயிற்று. அப்பொருள் தகடு. 2020இல் இயற்றப்பட்ட தொழிலகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அவ்வரம்பை 20, 40 என உயர்த்தியிருப்பதால் இந்த இடைவெளி விரிகிறதேயன்றிக் குறையவில்லை.

தூசு

கல்நாரின் தீங்கு மூன்றாவது சிக்கல். அதைத் தனியாகவே ஆராய வேண்டும். அனைத்து வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைவிப்பவை எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியுள்ளது. 1995இல் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலத்தைப் பேணுவது உரிமையாளரின் கடமை எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் கவனம் கல்நாரைத் தோண்டுவோர், அதைக் கொண்டு பொருள் செய்வோர் ஆகியோர் மீது இருந்தது. தகட்டின்கீழ் ஆயுள் முழுதும் தறி ஓட்டுபவர் அவ்வட்டத்துக்கு வெளியே நிற்கிறார். சிமெண்டில் இறுகிய இழை தானே எளிதில் பறப்பதில்லை. ஆனால் அறுக்கும்போதும், கொக்கி ஆணிக்குத் துளையிடும்போதும், பழைய தகட்டை உடைத்துக் கழற்றும்போதும் தூசு எழுகிறது. பட்டறையில் இவ்வேலைகளைச் செய்பவர் பெரும்பாலும் பட்டறைக்காரரே.

கோடைதோறும் கீற்றை ஏற்றுவதும் அவரே. வெயிலிலும் மழையிலும் பழகிய தகடு ஆளின் எடையைத் தாங்காது. கால் பிசகினால் உடைந்து கீழே கொண்டுபோய்விடும். அதை அறிந்தவர், ஆணி வரிசை தெரியும் இடமாகப் பார்த்துக் குறுக்குச் சட்டத்தின்மேல் பலகையைக் கிடத்தி, அதன்மேல் குந்தியபடியே கீற்றை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்குகிறார்.