சொட்டுநீரில் உரம் விடுகிறீர்களா? தடுப்பு வால்வை ஆண்டுக்கு ஒருமுறை சோதியுங்கள்

திண்டிவனம், மரக்காணம் பக்கம் தர்பூசணி போடுபவர்களும் விழுப்புரம் சுற்றுவட்டாரத்தில் சொட்டுநீரில் கரும்பு வைத்திருப்பவர்களும் இன்று பெரும்பாலும் வென்சுரி மூலமாகவே உரம் விடுகிறார்கள். உரம் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கரண்ட் போனால், போர்வெல் குழாயில் நிற்கும் நீர் கீழே இறங்கும். அது லைனில் உள்ள உரத்தண்ணீரையும் பின்னால் இழுக்கும். இதைத் தடுப்பது மோட்டாரை அடுத்துப் பொருத்தும் நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது என்ஆர்வி. அது பழுதாகியிருந்தால் உரம் நேராகப் போர்வெல்லுக்குள் போய்விடும்.

ஏன் அலட்சியம் கூடாது?

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம் (ஐஎஸ் 10500). ஒரு கிலோ யூரியாவில் 460 கிராம் தழைச்சத்து உள்ளது. அது முழுவதும் நைட்ரேட்டாக மாறினால், அந்த அளவுக்குள் கரைக்கச் சுமார் 45,000 லிட்டர் தண்ணீர் தேவை. அதிக நைட்ரேட் உள்ள நீர் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து குழந்தையின் உடல் நீலம் பாய்ந்துவிடும். கொட்டகைக் குழாயிலும் வீட்டுத் தொட்டியிலும் அதே போர்வெல் தண்ணீர்தான் வருகிறது என்பதை மறக்க வேண்டாம்.

'மோட்டாரிலேயே வால்வு இருக்கிறதே' என்று நினைக்காதீர்கள். நீர்மூழ்கி மோட்டாரின் தலையில் உள்ள வால்வு, குழாயில் தண்ணீர் நிற்பதற்காக வைத்தது. மணல் சிக்கினால் அதுவும் கசியும். மோட்டாரை மேலே தூக்காமல் அதைப் பார்க்கவும் முடியாது. மேலே தனி என்ஆர்வி கட்டாயம் வேண்டும்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பாசன நீரில் உரமும் மருந்தும் கலந்து விடுவதற்கு 1986-ல் தனிச் சட்டம் வந்தது. அங்கே அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கருவியை இயக்குபவர் பயிற்சி பெற்றுத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கு ஆயுள் நான்கு ஆண்டு. குடிநீர்க் குழாய்களில் இத்தகைய தடுப்பு வால்வுகளைச் சோதிப்பதற்கென்றே சான்று பெற்ற ஆட்கள் அங்கு உண்டு. அவர்களும் குறித்த காலத்தில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும்.

நம் ஊரில் அப்படி வயல் தேடி வந்து சோதிப்பவர் வழக்கத்தில் இல்லை. அந்த வேலையை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். தர்பூசணி விதைப்புக்கு முன் ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.

சோதிக்கும் முறை

மோட்டாருக்கும் என்ஆர்விக்கும் நடுவில் அரை அங்குலச் சோதனைக் குழாய் ஒன்றும், என்ஆர்விக்கும் மெயின் கேட் வால்வுக்கும் நடுவில் பிரஷர் கேஜ் ஒன்றும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிளம்பரை வைத்துப் பொருத்திக்கொள்ளுங்கள். மோட்டார் நின்றிருக்கும்போது கேஜ் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் முதலில் கேஜை மாற்றுங்கள்.

1. உரத்தொட்டியைக் கழுவி, வென்சுரிக்குப் போகும் வால்வுகளை மூடுங்கள். வெறும் தண்ணீரில் மட்டுமே சோதனை செய்ய வேண்டும்.
2. மோட்டாரைப் போட்டு, முள் நிலையாகும் வரை ஓட்டுங்கள்.
3. இருவர் இருப்பது நல்லது. ஒருவர் மெயின் கேட் வால்வை அடைக்கும்போதே மற்றவர் மோட்டாரை நிறுத்த வேண்டும். அடைத்த வால்வோடு மோட்டாரை ஓடவிடக் கூடாது.
4. சோதனைக் குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் கவனியுங்கள்.

தேங்கிய நீர் கொஞ்சம் வந்து நின்று, முள்ளும் அசையாவிட்டால் வால்வு நன்றாக இருக்கிறது. தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்து முள்ளும் இறங்கினால் என்ஆர்வி கசிகிறது. குழாயில் ஒழுக்கு இல்லாமல் முள் மட்டும் இறங்கினால், கசிவு வேறு இணைப்பில் இருக்கலாம்.

கசிந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வால்வைக் கழற்றுங்கள். பெரும்பாலும் மணலோ உப்புப் படிவோ கதவில் சிக்கியிருக்கும், அல்லது ரப்பர் தேய்ந்திருக்கும். சுத்தம் செய்து, அம்புக்குறி வயல் பக்கம் இருக்கும்படி மாட்டி, மீண்டும் சோதியுங்கள். அப்போதும் கசிந்தால் புதிது வாங்குவதே நல்லது.

உரம் விடும் நாளில்

* ஆட்டோ ஸ்டார்ட்டரை மேனுவலுக்கு மாற்றுங்கள். கரண்ட் போய் வந்ததும் மோட்டார் தானாக ஓடி, கவனிக்க ஆளில்லாமல் உரம் இழுக்கக்கூடாது.
* உரம் முடிந்ததும் 10 முதல் 15 நிமிடம் வெறும் தண்ணீர் விட்டு நிறுத்துங்கள்.
* மருந்து டிரம்மில் தண்ணீர் பிடிக்கும்போது ஹோஸை உள்ளே மூழ்க விடாதீர்கள். ஹோஸ் வாய்க்கும் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே, ஹோஸ் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது இடைவெளி வேண்டும்.

சோதித்த தேதி, கேஜ் அளவு, மாற்றிய பாகம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி மோட்டார் கொட்டகையில் வையுங்கள். அடுத்த ஆண்டு அதே தேதியில் அதைப் புரட்டிப் பாருங்கள். உங்கள் சான்றிதழ் அந்த நோட்டுதான்.

வால்வு கசிந்தது தெரியவந்தால், போர்வெல் நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து நைட்ரேட் அளவைப் பாருங்கள். முடிவு வரும்வரை அந்த நீரைக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது. உரம் விடும் முறை பற்றிய சந்தேகங்களுக்குத் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் இலவச எண்ணையோ அணுகலாம்.