மிகைப்பற்று

பிரிட்டனில் பல்கலைக்கழகம் சேரும் பிள்ளைகள் மாணவர் கணக்கு தொடங்கியதும், வங்கி 'ஓவர்டிராஃப்ட்' கொடுத்திருக்கிறது என்று உதவித்தொகைபோலச் சொல்வதைக் கேட்கிறேன். அது கடன். 'டிராஃப்ட்' இழுத்தலைக் குறிக்கும் ஆங்கில வினையோடு உறவுடையது. இருப்பைத் தாண்டி இழுத்தெடுப்பதே ஓவர்டிராஃப்ட். இப்படித்தான் 1728இல் எடின்பரோவில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து ஒரு வணிகருக்கு, கணக்கில் இருப்பதைவிட 1,000 பவுண்டு கூடுதலாக எடுக்க இடம்கொடுத்தது. தமிழில் ஓவர்டிராஃப்டை 'மிகைப்பற்று' என்கிறோம். பற்று என்றால் பிடிப்பு. அதிலிருந்து அன்பு, ஆசை என்னும் பொருள்கள் கிளைத்தன. மளிகைக்கடைப் பேரேட்டில் வரவுக்கு எதிரே எழுதும் பற்றும் அதுவே: சரக்கு வாங்கியவர் கொடுக்கவேண்டிய பாக்கி. இந்தச் சொல்லில் கடன் ஒளிந்துகொள்வதில்லை. 'வட்டியில்லா மிகைப்பற்று' என்றே பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். வட்டிதான் இல்லை, அசலைக் கட்டியே ஆகவேண்டும்.