குதிரை வாங்கும் முன் மருத்துவச் சோதனை

விலை பேசி முடிந்து, பணம் கைமாறாத இடைவெளியில், விற்பவரோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத ஒரு மிருக வைத்தியரை வாங்குபவர் தம் செலவில் அழைத்துக் குதிரையைப் பார்க்கச் செய்வதும், நினைத்திருக்கும் வேலைக்கு அது தாங்குமா என்று வைத்தியர் எழுத்தில் கருத்துச் சொல்வதும் வாங்குமுன் சோதனை எனப்படும். இதில் உயிரான சொல் ‘வேலை’. பந்தயத்துக்கு உதவாத முழங்கால், கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றி நடப்பதற்குப் போதுமானதாக இருக்கலாம். பந்தயத்தில் ஜெயித்த குதிரை அதே பிள்ளைகளுக்கு ஆபத்தாகலாம். ஆகவே குதிரை தேறியது, தேறவில்லை என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. இன்ன குறை கண்டேன், இன்ன வேலைக்கு இது இடைஞ்சலாகலாம் அல்லது ஆகாது என்பதோடு வைத்தியரின் பொறுப்பு முடிகிறது. நாளைக்கு நொண்டாது என்று அவர் சொல்வதில்லை. சொல்கிறவரை நம்பவும் வேண்டாம்.

கரையும் குதிரையும்

பாலாவி, புத்தளம் நகருக்குச் சற்றுத் தெற்கே, கொழும்பு வீதியிலிருந்து கற்பிட்டி வீதி பிரியும் சந்தி. (மன்னார் திருக்கேதீச்சரத்தின் பாலாவி வேறு, அது தீர்த்தம்.) சந்தியைத் தாண்டினால் உப்பளம், களப்பு, பிறகு கற்பிட்டித் தீபகற்பத்தின் நீண்ட மணல். குதிரைக் குடும்பத்தில் இந்தப் பக்கத்து வீதிகளில் சாதாரணமாகக் கண்ணில் படுவது கழுதைதான். ஆனால் இலங்கையின் மேற்குக் கரைக்கும் குதிரை வியாபாரத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தைப் பிடித்து 22 ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்ற தமிழர் இருவரையும் குதிரை கொண்டுவந்த கப்பல் வணிகனின் மக்கள் என்கிறது மகாவம்சம். அவர்கள் நீதியாக ஆண்டார்கள் என்றும் அது சேர்த்துச் சொல்கிறது. 1344இல் மொரோக்கோப் பயணி இப்னு பதூதா வந்து இறங்கிய ‘பத்தாலா’ புத்தளமே என்பது பொதுவான கருத்து. அப்போது இந்தக் கரை யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியின் கையில் இருந்தது.

எதிர்க்கரையில், பாண்டிய நாட்டில், வாங்குமுன் சோதனை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது பெருந்தொகையில் தெரிந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வழியே போன மார்க்கோ போலோ, மன்னனும் அவன் சகோதரர்களும் ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரைகளை ஆண்டுதோறும் வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதினார். வெந்த சோற்றோடு இறைச்சியைக் கலந்து குதிரைக்குக் கொடுத்தார்களாம். அவர் சொல்லும் இன்னொரு காரணம் கூர்மையானது: ஹோர்முஸ், கிஸ், ஏடன் துறைகளின் வணிகர்கள் குதிரை வைத்தியம் தெரிந்தவரைத் தங்களோடு அழைத்து வருவதில்லை, மற்றவர்கள் வரவும் விடுவதில்லை. செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்! பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கு இதற்கும் ஒரு படி மேல். ஆண்டுக்கு 1,400 குதிரைகள், ஒன்றுக்கு 220 செம்பொன் தினார், வழியில் கடலில் செத்த குதிரைக்கும் அரச கருவூலமே பணம் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். இருவரின் எண்களையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் செத்த குதிரைக்கும் முழு விலை கிடைக்கும்போது, நல்ல குதிரையாகத் தேடி ஏற்றிவர விற்பவனுக்கு என்ன தேவை இருக்கிறது?

தமிழர் எல்லோருக்கும் தெரிந்த குதிரை வியாபாரம் மாணிக்கவாசகருடையது. அரசன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன் திருப்பெருந்துறைக் கோயிலில் செலவாகிவிட, சிவபெருமானே குதிரைச் செட்டியாக வந்து நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிவந்தார் என்பது கதை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இது தனிப் படலமாக இருக்கிறது. பக்தியை ஒரு பக்கம் வைத்து வியாபாரமாக மட்டும் பார்த்தால், கவனிக்க வேண்டியது கயிறு. வாங்குபவன் கைக்குக் கயிறு மாறிவிட்டால் அதன் பிறகு விற்றவனைக் கேட்க வழியில்லை என்பது அந்தக் காலத்துச் சந்தை வழக்கம். பாண்டியன் கண்ணால் பார்த்து மகிழ்ந்தான், கயிற்றை வாங்கிக்கொண்டான், அன்றிரவே லாயத்தில் ஊளை கேட்டது. இன்றைய சோதனை முழுவதும் அந்தக் கயிறு மாறுவதற்கு முன் செய்யப்படும் வேலை.

சுழியும் பல்லும்

குதிரையைப் பார்த்து வாங்கும் கலை நம்மிடம் இல்லாமலில்லை. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயிலின் ஆடித் திருவிழாச் சந்தைக்குக் கத்தியவார், மார்வார் இனக் குதிரைகள் வருகின்றன. அங்கே முதலில் பேசப்படுவது சுழி. நெற்றி, கழுத்து, மார்பு, முதுகு என்று உரோமம் சுழன்றிருக்கும் இடங்களைப் பார்த்து ராசி சொல்வார்கள். ‘சுழி சுத்தம்’ என்றால் விலை ஏறும். நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்திலும் சுழி இலக்கணம் விரிவாக உண்டு. சுழிக்கும் குதிரையின் காலுக்கும் மூச்சுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் வைத்தியர் சுழிகளைத் தம் தாளில் வரைந்துகொள்வார். இரண்டு குதிரைகளுக்குச் சுழி ஒரேபோல அமைவது அரிது என்பதால், சோதித்த குதிரையும் கையில் வந்த குதிரையும் ஒன்றுதானா என்று பின்னர் பார்க்க அது உதவும். நல்ல அடையாளம், மோசமான சோதிடம்.

பல் அப்படியல்ல. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்ற பழமொழியின் மறுபக்கம், காசு கொடுத்து வாங்கும் மிருகத்தின் பல்லைப் பார்த்தே ஆக வேண்டும் என்பது. முன்வாயின் நடுப் பால்பற்கள் இரண்டரை வயதளவில் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். அடுத்த சோடி மூன்றரையில், கடைசிச் சோடி நாலரையில். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதன்பின் பல்லின் தேய்மானமும் சாய்வும்தான் கணக்கு. மேல்தாடை ஓரப்பல்லில் ஏறக்குறையப் பத்து வயதில் ஈறருகே ஒரு பழுப்புப் பள்ளக் கோடு தோன்றி, பதினைந்தில் பாதிப் பல்லையும் இருபதில் முழுப் பல்லையும் எட்டும். பத்து வயதுக்கு மேல் இந்தக் கணிப்பு இரண்டு மூன்று ஆண்டு தவறலாம். கிழட்டுக் குதிரையின் தேய்ந்த பல்லில் சூட்டுக் கம்பியால் குழி போட்டு இளமை காட்டும் பழைய தந்திரம் ஒன்றும் உண்டு. குழியைச் சுற்றி இயற்கையான எனாமல் வளையம் இல்லாததால் பழகிய கண்ணுக்கு அது பிடிபட்டுவிடும்.

ஐந்து கட்டங்கள்

பிரித்தானியாவில் வகுக்கப்பட்டுப் பல நாடுகளில் பின்பற்றப்படும் முறையில் சோதனை ஐந்து கட்டமாக நடக்கிறது. முழுதும் முடிய இரண்டு மணி நேரம் பிடிக்கும். குதிரை முந்திய இரவு கொட்டிலிலேயே நின்றிருக்க வேண்டும். காலையில் ஓடிச் சூடேறிய காலில் லேசான விறைப்பு மறைந்துவிடும் என்பதே காரணம். வைத்தியர் வரும்போது குதிரை ஏற்கெனவே வியர்த்து நின்றால், அதுவே ஒரு தகவல்.

முதலில் நிற்கும் குதிரை. ஓய்வில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பம் ஏறக்குறைய 38 பாகை செல்சியஸ். இருட்டறையில் கண்ணை விளக்கால் பார்ப்பார்கள். தோல், பழைய தையல் தழும்பு, கால் தசைநாண்களின் வீக்கம், குளம்பின் வடிவு, நான்கு குளம்பிலும் சூடு சமமா என்பது வரை கை போகும்.

இரண்டாவது கட்டம்தான் பெரும்பாலான வியாபாரத்தைத் தீர்மானிக்கிறது. கடினமான சமதரையில் குதிரையைக் கயிற்றில் பிடித்து நடத்தி, பிறகு ‘டிராட்’ என்னும் மெல்லோட்டத்தில் நேராக ஓட்டுவார்கள். முன்காலில் நோவு இருந்தால் நோவுள்ள கால் தரையில் படும்போது தலை உயரும், நல்ல கால் படும்போது தாழும். பின்காலில் இருந்தால் இடுப்பு ஒரு பக்கம் கூடுதலாக ஏறி இறங்கும். சந்தேகமிருந்தால் ஒரு காலை மடக்கி ஒரு நிமிடம் வரை பிடித்துவிட்டு உடனே ஓடவிடுவதுண்டு. முதல் இரண்டு மூன்று அடிகள் நொண்டுவது பல நல்ல குதிரைகளிலும் வரும். அதற்கு மேலும் நீண்டால் மூட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். இந்த மடக்கல் சோதனைக்கு எவ்வளவு மதிப்புத் தருவது என்பதில் வைத்தியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்தில்லை.

மூன்றாவது, ஆளை ஏற்றி நன்றாக ஓடவிடுவது. மூச்சு இழுக்கும்போது சீழ்க்கை போலவோ உறுமல் போலவோ சத்தம் வந்தால் குரல்வளையின் ஒரு பக்கம், பெரும்பாலும் இடப்பக்கம், செயலிழந்திருக்கலாம். மூக்கு வழியே குழாய்க் கமெரா விட்டால் அது உறுதியாகும். பிறகு ஓய்வு, இதயம் எவ்வளவு விரைவில் தணிகிறது என்று பார்ப்பது நான்காவது. ஐந்தாவது, ஆறிய உடம்போடு மறுபடியும் மெல்லோட்டம். செலவைக் குறைக்க முதலிரண்டு கட்டத்தோடு நிறுத்துவோர் உண்டு. அப்படிச் செய்தால் ஓட்டத்தில் மூச்சும் இதயமும் பார்க்கப்படாத குதிரையைத்தான் வாங்குகிறோம். எக்ஸ்றே, அல்ட்ராசவுண்ட் எல்லாம் இதற்கு மேலான விருப்பச் செலவு. விலை உயர உயர அவை நியாயமாகின்றன.

இந்தக் கரையில் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை

குளிர்நாட்டில் எழுதப்பட்ட சோதனைத் தாளில் இல்லாத சில கேள்விகளைப் புத்தளக் கரை கேட்கிறது. முதலாவது மணல். புல் குறைந்த மணல் தரையில் மேயும் குதிரை மணலையும் சேர்த்து விழுங்கும். அது பெருங்குடலில் தங்கி வயிற்று வலியை உண்டாக்கும். சோதிக்க எளிய வழி உண்டு: புதிய சாணத்தில் சில உருண்டைகளை, தரையில் ஒட்டிய பக்கம் தவிர்த்து எடுத்து, தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டால் மணல் அடியில் படியும். படியவில்லை என்பதற்காகக் குடலில் மணல் இல்லை என்று ஆகாது.

இரண்டாவது வியர்வை. வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் பந்தயத்துக்குக் கொண்டுவரப்பட்ட குதிரைகளில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இது கவனிக்கப்பட்டது. ஓடி முடிந்தும் தோல் உலர்ந்திருந்து, மூச்சு மட்டும் தணியாமல் இரைத்தால் ஐயப்பட வேண்டும். நுவரெலியாவின் குளிரில் சோதித்த குதிரையில் இது தெரியாமலே போகலாம். கரைக்கு வாங்கும் குதிரையைக் கரையின் வெயிலில் பார்ப்பதே முறை.

மூன்றாவது மாடு. மாட்டின் வயிற்றறையில் தீங்கின்றி வாழும் ‘செட்டேரியா’ என்ற நூற்புழுவின் குஞ்சுகளை நுளம்பு குதிரைக்குக் கடத்தும். அவை வழிதவறி முதுகுத்தண்டுக்குள் புகுந்தால் பின்னங்கால்கள் தள்ளாடும். வட இந்தியக் குதிரைக்காரர் இதைக் ‘கும்ரி’ என்பார்கள். இலங்கையில் ஆடுகளிலும் இது காணப்படுகிறது. குதிரையைப் பின்னோக்கி நடக்கச் செய்து, குறுகிய வட்டத்தில் திருப்பிப் பார்த்தால் தொடக்க நிலைத் தள்ளாட்டம் தெரியும்.

வெளிநாட்டிலிருந்து வருவதானால் கதையே வேறு. 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின்படி கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அது வாங்குபவரைக் காக்கும் சோதனை அல்ல, நாட்டைக் காக்கும் சோதனை. மனிதருக்கும் தொற்றும் கிளாண்டர்ஸ் போன்ற நோய்களுக்குக் குருதி பார்க்கப்படும். 2020இல் தாய்லாந்தில் ஆபிரிக்கக் குதிரை நோய் புகுந்து ஐந்நூறுக்கு மேற்பட்ட குதிரைகளைக் கொன்றது. கடிக்கும் சிற்றீக்களால் பரவும் அந்நோய் அதுவரை தென்கிழக்காசியாவில் கண்டதில்லை.

கழுதைக்கும் இதுவே முறை, சில வேறுபாடுகளோடு. கழுதையின் உடல் வெப்பம் குதிரையைவிடச் சற்றுக் குறைவு, துடிப்பு சற்று அதிகம். அதைவிட முக்கியம், கழுதை நோவை வெளிக்காட்டாது. குதிரை புரண்டு உருளும் அளவு வயிற்று வலியில் கழுதை தலையைத் தொங்கப்போட்டு நிற்கும், அவ்வளவுதான். ‘சும்மா நிற்கிறது’ என்று விற்பவர் சொன்னால் வைத்தியர் அங்கேதான் காதுக்கருவியை எடுக்க வேண்டும். மணலில் நடக்கும் கழுதையின் குளம்பு தேயாமல் செருப்பு முனைபோல வளைந்து நீளும். வெட்டிச் சீர்செய்துவிடலாம், ஆனால் ஆண்டுக்கணக்கில் அப்படி விட்டிருந்தால் மேலே உள்ள மூட்டும் கோணியிருக்கும்.

சட்டமும் குருதிக் குப்பியும்

நோயையும் குறையையும் மறைக்காமல் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று அடிமைகளுக்கும் சுமை மிருகங்களுக்கும் சந்தை விதி போட்டவர்கள் உரோமாபுரியின் நகர அதிகாரிகள். அந்த மரபு உரோம-ஒல்லாந்துச் சட்டத்தோடு இலங்கைக்கு வந்தது. ஆனால் அசையும் பொருள் விற்பனையை 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆங்கில முறைக்கு மாற்றிவிட்டது. அதன்படி பொதுவாகத் தரத்துக்குத் தானாக உத்தரவாதம் கிடையாது. என்ன தேவைக்கு வாங்குகிறோம் என்பதை விற்பவருக்குச் சொல்லி, அந்தத் தொழில் செய்யும் அவருடைய தேர்ச்சியை நம்பி வாங்கினால் பொறுப்பு அவர்மேல் சாயும். அதில் ஒரு கொக்கியும் உண்டு. வாங்குபவர் பொருளைச் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு, பொருளின் தரத்தைச் சொல்லி விற்பவரைப் பிடிக்க முடியாது. அரைகுறையாகப் பார்ப்பதைவிடப் பார்க்காமலிருப்பது மேல் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். நான் அப்படிக் கொள்ளமாட்டேன். நல்ல வைத்தியரைக் கொண்டு முழுதாகப் பார்க்க வேண்டும் என்றே கொள்வேன். புத்தளப் பக்கத்து அரச மிருக வைத்தியருக்கு மாடும் ஆடும் கோழியுமே அன்றாட வேலை. குதிரைக்கால் பார்த்துப் பழகியவரைக் கொழும்பிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ அழைக்கும் போக்குவரத்துச் செலவை விலையின் ஒரு பகுதியாகவே எண்ணிக்கொள்ள வேண்டும்.

கடைசியில் குருதி. நோவு கொல்லும் ‘பியூட்டசோன்’ ஊசி நொண்டியை ஓரிரு நாள் ஓடவைக்கும். மயக்க மருந்து முரட்டுக் குதிரையைச் சாதுவாக்கும். அதனால் சோதனை நாளிலேயே குருதி எடுத்து முத்திரையிட்டு, பிரித்தானிய வழக்கப்படி ஆறு மாதம் வரை குளிரில் வைத்திருப்பார்கள். உடனே பரிசோதிப்பதில்லை. வாங்கிய குதிரை சில வாரங்களில் நொண்டினாலோ முரண்டு பிடித்தாலோ மட்டும் குப்பி திறக்கப்படும். அதற்கு விற்பவரின் சம்மதம் முன்கூட்டியே எழுத்தில் வேண்டும். அவர் மறுத்தால், வைத்தியர் அதைத் தம் அறிக்கையில் எழுதுவார்.