மார்பகப் புற்றுத் திசுவில் மரபுக்குறிகளின் நிலைத்தன்மை

மார்பகப் புற்றுக்கு என்ன மருந்து கொடுப்பது என்பதைப் பெரும்பாலும் கட்டியிலிருந்து எடுத்த ஒரு சிறு துணுக்குதான் முடிவு செய்கிறது. அதில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்2 ஆகிய குறிகளைத் தேடுவார்கள். நோய் பரவிய பிறகும் அந்தக் குறிகள் அப்படியே இருக்குமா? வெட்டியெடுத்த திசு ஆய்வகத்தில் கிடக்கும்போது அவை அழியாமல் இருக்குமா? இந்த இரண்டு கேள்விகளும் நெடுங்காலம் ஒன்றோடொன்று குழம்பியே கிடந்தன.

1896இல் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், சினைப்பைகளை அகற்றினால் சில பெண்களின் மார்பகப் புற்று சுருங்குவதைப் பதிவு செய்தார். எல்லோருக்கும் ஏன் அப்படி நேரவில்லை என்பதற்கு 1950களின் இறுதியில்தான் விடை கிடைக்கத் தொடங்கியது. கதிரியக்கம் ஏற்றிய ஈஸ்ட்ரோஜனைக் கொண்டு, சிகாகோவில் எல்வுட் ஜென்சன் அதன் ஏற்பியைக் கண்டறிந்தார்; அந்த ஏற்பி இல்லாத கட்டிக்கு ஹார்மோன் குறைவதால் பெரிதாக எதுவும் நேர்வதில்லை. அந்த ஏற்பி வெப்பம் தாங்காத புரதம். அறுவை அரங்கிலிருந்து திசுவை உடனே உறைய வைக்காவிட்டால், ஏற்பி உள்ள கட்டியும் இல்லாததாகவே கணக்கில் சேர்ந்துவிடும்.

1990களில் மெழுகில் பதித்த திசுவை எதிர்ப்பொருளால் சாயமேற்றும் முறை பரவியது. உறைபெட்டி தேவைப்படவில்லை, பழைய மாதிரிகளையும் சோதிக்க முடிந்தது. ஆனால் இந்த எளிமைக்குள் ஆபத்தும் இருந்தது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 2005இல், ஏற்பி இல்லை என்று முன்பு சொல்லப்பட்ட ஒரு மாதிரி மறுசோதனையில் இருப்பதாகக் காட்டியது. 1997 முதல் சோதித்த மாதிரிகள் மறுசோதனைக்காக டொரன்டோவுக்குப் போயின. 380க்கும் மேற்பட்ட நோயாளிகளின் முடிவுகள் தவறு என்று தெரிந்தது. டமாக்ஸிஃபென் போன்ற ஹார்மோன் மருந்தால் பயன் பெற்றிருக்கக்கூடிய பலருக்கு அது கிடைக்காமலே போயிருந்தது. நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2009இல் அறிக்கை தந்தது.

மறு ஆண்டே அமெரிக்கப் புற்றுநோய், நோயியல் மருத்துவர் அமைப்புகள் விதிகளை வெளியிட்டன: எடுத்த திசு 1 மணி நேரத்துக்குள் ஃபார்மலின் என்னும் பதப்படுத்தும் திரவத்துக்குள் போக வேண்டும், 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்தைத் தாண்டாமலும் ஊற வேண்டும். அறுவை அரங்கில் யார் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள் என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியானது.

ஹெர்2இன் கதை சற்று வேறு. 1987இல் டென்னிஸ் ஸ்லாமன் குழு 189 கட்டிகளை ஆராய்ந்து, ஏறத்தாழ 30 சதவீதத்தில் இந்த மரபணுவின் பிரதிகள் பெருகியிருப்பதைக் காட்டியது. 1998இல் ஹெர்2வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டிஎன்ஏவிலேயே பதிந்த பெருக்கம் என்பதால் இந்தக் குறி மற்றவற்றைவிட உறுதியானது. முதல் கட்டியையும் பரவிய கட்டியையும் ஒப்பிட்ட ஆய்வுகளை 2014இல் ஒருங்கே தொகுத்துப் பார்த்தபோது, ஹெர்2 மாறியது 8 சதவீதம். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி 20, புரோஜெஸ்டிரோன் ஏற்பி 33 சதவீதம்.

இந்த எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. மார்பகப் புற்று அதிகம் பரவும் இடங்களில் எலும்பு முக்கியமானது. எலும்புத் துணுக்கை அறுக்க முதலில் அமிலத்தில் மென்மையாக்குவது உண்டு. அதில் ஏற்பியும் டிஎன்ஏவும் சிதைகின்றன. புற்று மாறியது என்று எழுதப்பட்ட சில முடிவுகளில் மாறியது புற்றல்ல, அமிலம் பட்ட திசுதான்.

ஆனால் உண்மையான மாற்றமும் உண்டு. 2009இல் வான்கூவர் ஆய்வாளர்கள், ஒரு பெண்ணின் பரவிய கட்டியில் 32 மரபணுத் திரிபுகளைக் கண்டு, 9 ஆண்டுகளுக்கு முந்தைய அவரது முதல் கட்டியில் அவற்றைத் தேடினார்கள். கிடைத்தவை 11; அவற்றிலும் 6 சில செல்களில் மட்டுமே இருந்தன.

இன்னும் தெளிவான சான்று ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கான இஎஸ்ஆர்1 மரபணு. ஈஸ்ட்ரோஜன் சுரப்பைத் தடுக்கும் மாத்திரைகளை நெடுநாள் உண்ட பிறகு, ஹார்மோன் இல்லாமலே ஏற்பியை இயங்கவைக்கும் திரிபுகள் இதில் தோன்றுவதை 2013இல் வெளியான ஆய்வுகள் காட்டின. 2023 ஜனவரியில் இத்திரிபுள்ளோருக்கான எலாசெஸ்ட்ரன்ட் மருந்து அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. சிகிச்சையின் அழுத்தத்தால் பின்னாளில் முளைக்கும் குறி என்பதால், முதல் கட்டியின் மெழுகுத் துண்டில் இதைத் தேடிப் பெரும்பாலும் பயனில்லை. நோய் முற்றும்போது எடுத்த இரத்தத்தில் மிதக்கும் கட்டி டிஎன்ஏவில்தான் இதைத் தேடுகிறார்கள்.