கட்டளை விசையும் தமிழ் எழுத்தும்

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், செபராங் பிறையின் தென்பகுதியில் அமைந்த ஊர் பத்து காவான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கரும்பு விளைந்தது. பின்னர் ரப்பரும் செம்பனையும் வந்தன. அத்தோட்டங்களில் உழைத்தவருள் தமிழர் பலர். 2014 மார்ச்சுத் திங்களில் பினாங்கின் இரண்டாம் பாலம் திறக்கப்பட்டு, அதன் ஒரு முனை பத்து காவானில் வந்து ஊன்றியது. இன்று பழைய தோட்ட நிலத்தில் மைக்ரான், பாஷ் முதலிய நிறுவனங்களின் தொழிற்சாலைகள் நிற்கின்றன. 1972இல் தீவின் பாயான் லெப்பாசில் இன்டெல் நிறுவனம் தொடங்கிவைத்த தொழில், கடலைத் தாண்டி மறுகரை சேர்ந்துவிட்டது.

கணினியின் உறுப்புகள் இவ்வாறு தமிழர் வாழும் ஊரிலேயே உருவாகின்றன. ஆயின், அக்கணினியின்முன் அமர்ந்து தமிழ் எழுதும் ஆசிரியருக்கு ஒரு தொல்லை உண்டு. அவர் வீட்டில் இருப்பது மெக்கிண்டாஷ். பள்ளியில் இருப்பது விண்டோஸ் என்று கொள்வோம். வீட்டுக் கணினியில் கன்ட்ரோல் விசையையும் 'ஏ' விசையையும் சேர்த்து அழுத்தினால், எழுதுமிடம் அவ்வரியின் தொடக்கத்துக்குச் செல்லும். அதே பழக்கத்தில் பள்ளிக் கணினியிலும் அவ்விரண்டையும் அழுத்தி, வரியின் முன்னே ஓர் எழுத்தைச் சேர்க்க முயல்கிறார். விண்டோசில் அவ்விரு விசைகள் தரும் பொருள் 'அனைத்தையும் தேர்ந்தெடு' என்பது. அடுத்து அவர் தட்டும் ஓரெழுத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட கட்டுரை முழுவதையும் விழுங்கிவிடும். பத்துப் பக்கம் இருந்த இடத்தில் 'அ' என்னும் ஓரெழுத்து மட்டும் நிற்கும். செய்ததை மீட்கவும் ஒரு விசை உண்டு. அவ்விசையும் இரு கணினிகளில் இருவேறு இடங்களில் இருக்கிறது.

இதனைக் கணினி செய்தவர்களின் கவனக்குறைவு என்று கூறிவிடுவது எளிது. அது சரியன்று. ஒவ்வொரு முரண்பாட்டின் அடியிலும் ஒரு வரலாறு கிடக்கிறது.

கன்ட்ரோல் விசை கணினியோடு பிறந்ததன்று. தொலைதூரத்துக்குச் செய்தி அனுப்பிய தொலைஅச்சுப் பொறியிலிருந்து வந்தது. 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் குறியீட்டு முறையில், அச்சாகும் எழுத்துகளுக்கு மட்டுமன்றிப் பொறியை ஆள்வதற்கான குறிப்புகளுக்கும் எண்கள் ஒதுக்கப்பட்டன. மணியடி, வரியை நகர்த்து, நிறுத்து என்பன போன்றவை அவை. கன்ட்ரோலோடு ஓர் ஆங்கில எழுத்தை அழுத்தினால், நெடுங்கணக்கில் அவ்வெழுத்துக்குரிய வரிசை எண் குறிப்பாகச் செல்லும். 'ஜி' ஏழாவது எழுத்து. ஏழாம் குறிப்பு மணி. 'சி' மூன்றாவது எழுத்து. பெருங்கணினிகளில் அது ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்தும் கட்டளையாக வழங்கலாயிற்று. யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸின் கட்டளைச் சாளரத்தில் இன்றும் கன்ட்ரோல்-சி அழுத்தினால் வேலை நின்றுபோகும். 'இசட்' இருபத்தாறாவது எழுத்து. யூனிக்சில் அது வேலையை இடைநிறுத்தும்; பழைய டாஸ் முறையிலோ கோப்பின் முடிவைக் குறிக்கும். ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள் அன்றே ஏற்பட்டுவிட்டது.

இரண்டாம் மரபு கலிபோர்னியாவில் எழுந்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு நிலையத்தில் 1970களில் பணியாற்றிய லாரி டெஸ்லர், உரையை வெட்டி, நகலெடுத்து, வேறிடத்தில் ஒட்டும் முறைக்கு வடிவு கொடுத்தவர்களுள் ஒருவர். அவர் பின்னர் ஆப்பிள் நிறுவனத்துக்குச் சென்றார். 1983இல் வெளிவந்த லிசா கணினியில் அச்செயல்களுக்கு நான்கு விசைகள் அமைந்தன. 'எக்ஸ்' அடித்துவிடும் குறி, ஆதலின் வெட்டுவதற்கு. 'சி' நகல் என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 'வி' கைப்பிழை திருத்துவோர் இடைச்செருகலுக்கு இடும் கூர்க்குறியைத் தலைகீழாக நிறுத்தியது போன்றது, ஆதலின் ஒட்டுவதற்கு. செய்ததை மீட்கும் 'இசட்' இவற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. நான்கும் விசைப்பலகையின் அடிவரிசையில் அடுத்தடுத்து நிற்கின்றன. இடக்கை விரல்களுக்கு அடங்குகின்றன. இந்நால்வரின் தேர்வில் ஒலியைவிட இடமே பெரிதும் தீர்மானித்தது என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். பின்னால் இது பயன்படும்.

இவற்றோடு சேர்த்து அழுத்துவதற்கு ஆப்பிள் கன்ட்ரோலைக் கொள்ளாமல் தனியொரு விசையை வைத்தது. அதன்மேல் முதலில் ஆப்பிள் பழத்தின் படம் இருந்தது. படங்கள் மிகுந்துவிட்டன என்று ஸ்டீவ் ஜாப்ஸ் குறைகூறவே, சூசன் கேர் என்னும் ஓவியர் ஒரு குறிநூலைப் புரட்டி, நான்கு மூலையிலும் கண்ணி வளைந்த சதுரத்தைக் கண்டெடுத்தார். சுவீடனில் பார்க்கத்தக்க இடங்களைச் சுட்டும் வழிக்குறி அது. நம் வீட்டு வாசற் கோலத்தில் இதைவிடச் சிக்கலான கண்ணிகளை நாள்தோறும் காணலாம். 1984இல் வந்த முதல் மெக்கிண்டாஷின் விசைப்பலகையில் இக்கமாண்ட் விசை இருந்தது. கன்ட்ரோல் விசையே இல்லை. கட்டளைக்கு ஒரு விசை, தொலைஅச்சு மரபுக்கு வேறு விசை என்னும் பிரிவு அன்று தற்செயலாக நேர்ந்தது. அப்பிரிவு நல்லதாகவே முடிந்தது. மெக்கிண்டாஷின் கட்டளைச் சாளரத்தில் கமாண்ட்-சி நகலெடுக்கும், கன்ட்ரோல்-சி நிறுத்தும்; ஒன்றோடொன்று மோதுவதில்லை. லினக்ஸிலோ அச்சாளரத்தில் நகலெடுக்க ஷிப்ட் விசையையும் சேர்த்து மூன்று விரலால் அழுத்த வேண்டியிருக்கிறது.

மூன்றாம் மரபு ஐ.பி.எம். வகுத்தது. எல்லாக் கணினிகளிலும் விசைகள் ஒரே வகையாக இயங்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு 1987இல் அந்நிறுவனம் பொது விதிகளை வெளியிட்டது. வெட்டுவதற்கு ஷிப்ட்-டிலீட், நகலுக்குக் கன்ட்ரோல்-இன்சர்ட், ஒட்டுவதற்கு ஷிப்ட்-இன்சர்ட் என்பன அவற்றுள் அடங்கும். தொடக்கத்தில் விண்டோசும் இவற்றையே மேற்கொண்டது. 1992இல் வெளியான விண்டோஸ் 3.1 ஆப்பிளின் நான்கெழுத்துகளையும் ஏற்று, கமாண்டுக்குப் பதிலாகக் கன்ட்ரோலை நிறுத்தியது. பழையன நீக்கப்படவுமில்லை. ஒற்றுமைக்கென்று எழுந்த முயற்சி மேலும் ஒரு வகையைச் சேர்த்துவிட்டுப் போயிற்று. தமிழ்க் குறியீட்டு முறைகளின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது புதிய செய்தியன்று.

ஒரே செயலியிலும் இம்மூன்று மரபுகளின் சுவடுகளைக் காணலாம். பயர்பாக்ஸ் உலாவியில் முதல் தாவலுக்குச் செல்ல விண்டோசில் கன்ட்ரோல்-1, லினக்ஸில் ஆல்ட்-1, மெக்கிண்டாஷில் கமாண்ட்-1.

தமிழரின் நிலையைப் பார்ப்போம். விரற்பழக்கத்தின் வலிமையைத் தமிழர் கணினிக்கு முன்பே அறிந்திருக்கின்றனர். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, மலாயாவுக்கு வந்து சிங்கப்பூரில் பணியாற்றிய இரா. முத்தையா, தமிழுக்குத் தட்டச்சுப் பொறி கண்டவர். 247 எழுத்துகளுக்கும் தனித்தனி விசை வைப்பது இயலாது. ஆகவே புள்ளி, மேல்விலங்கு போன்ற சில குறிகளுக்குத் தாளை நகர்த்தாத விசைகளை அமைத்தார். குறியை முதலில் தட்டி, அது நகராமல் நிற்க, அதன்மேல் மெய்யெழுத்தைத் தட்ட வேண்டும். எழுதும் முறைக்கு இது நேர்மாறு. எனினும் இரும்புப் பொறியின் இயல்புக்கு அதுவே ஏற்ற வழி. அறிவுடைய தீர்வும் ஆகும். கணினியில் நகரும் தாளும் இல்லை, நகராத விசைக்குத் தேவையும் இல்லை. இருந்தும் தட்டச்சு பயின்றோர் அவ்வரிசையையே கேட்டனர். 'பழைய தட்டச்சு' என்னும் பெயரில் அது கணினிக்குள்ளும் குடிபுகுந்தது. காரணம் மறைந்தபின்னும் பழக்கம் நின்றது.

1985இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' என்னும் செயலியை உருவாக்கினார். அது பின்னர் 'முரசு அஞ்சல்' ஆயிற்று. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' அமைப்பை உருவாக்கினார். ஊருக்கொரு செயலி, செயலிக்கொரு விசைப்பலகை என்று பெருகிய நிலையில், 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் அறிஞர்கள் கூடினர். சென்னை மாநாட்டின் பயனே 'தமிழ் 99' விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்கும் என்பது அதன் அடிப்படை. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசை போதும். முதல் மகரத்துக்குப் புள்ளி தானே அமையும். தமிழின் இயல்பை அறிந்து செய்த அமைப்பு இது. 2000இல் வெளிவந்த விண்டோஸ் தமிழை ஏற்றபோது, அது வைத்திருந்ததோ இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான இன்ஸ்கிரிப்ட் அமைப்பு. தமிழ் 99ஐப் பயின்றோர் தனிச் செயலியை நாட நேர்ந்தது. விண்டோஸ் 10 காலத்தில்தான் தமிழ் 99 அதனுள் இடம்பெற்றது.

எழுத்துகளின் இடம் ஒருவாறு தீர்ந்தது. கட்டளை விசைகள் தீரவில்லை. தமிழ் 99இல் 'சி' விசையில் இருப்பது ஒகரம், 'எக்ஸ்' ஓகாரம், 'இசட்' ஔகாரம். இன்ஸ்கிரிப்டில் 'சி' இருந்த இடத்தில் மகரம். ஒருவர் தமிழ் எழுதிக்கொண்டிருக்கையில் கன்ட்ரோலையும் அவ்விசையையும் அழுத்தினால், கணினிக்குக் கேட்பது என்ன? கன்ட்ரோல்-சியா, கன்ட்ரோல்-ஒகரமா?

இவ்வினாவுக்கு மூன்று முறைகளும் மூன்று விடை கூறின. விண்டோசில் ஒவ்வொரு விசைக்கும் எழுத்தினின்று வேறான உள்ளெண் ஒன்று உண்டு. மேலே எந்த மொழி இருப்பினும் உள்ளெண் மாறாதாகையால் கட்டளை பெரும்பாலும் செல்லும். ஆப்பிள் முறையில் கமாண்டை அழுத்திய கணமே விசைப்பலகை ஆங்கில எழுத்துகளுக்குத் திரும்பும். விட்டவுடன் தமிழ் வரும். லினக்ஸின் வரைகலைச் சூழலிலோ, விசையில் பிறக்கும் எழுத்தைக் கொண்டே பல செயலிகள் கட்டளையை அறிந்தன. ஒகரம் பிறந்தால், ஒகரத்துக்குக் கட்டளை ஏதும் இல்லையே என்று வாளாவிருந்தன. பின்னாளில் பல செயலிகள் ஆங்கில அமைப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளக் கற்றன, எல்லாம் கற்றுவிடவில்லை. ரஷ்யரும் கிரேக்கரும் இதே தொல்லையை அடைந்தனர். கணினி எழுதுவோன் ஆங்கிலமே எழுதுவான் என்னும் எண்ணம் எத்துணை ஆழத்தில் புதைந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மொழி மாற்றும் விசையின் கதை இன்னும் இரங்கத்தக்கது. ஆங்கிலேயருக்கு அது தேவையற்ற விசை. தமிழருக்கோ ஒரு பத்திக்குப் பலமுறை வேண்டுவது. மெக்கிண்டாஷில் கமாண்டும் இடைவெளி விசையும் முன்பு மொழியை மாற்றின. 2005இல் ஸ்பாட்லைட் என்னும் தேடுபொறி வந்தபோது அவ்விடம் அதற்குக் கொடுக்கப்பட்டது. விண்டோசில் ஆல்ட்-ஷிப்ட் மாற்றியது. 2012 முதல் விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையும் சேர்ந்தது. லினக்ஸில் முன்பு கன்ட்ரோலும் இடைவெளி விசையும் பெருவழக்கு. அதே இணை எக்செல் கணக்குத் தாளில் ஒரு நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுக்கும். 

தமிழ்த் தட்டச்சு கற்பிக்கும் வகுப்புகளில் கட்டளை விசைகளை ஆங்கிலப் பெயராலேயே சொல்லித் தருவது வழக்கம். டெஸ்லர் அமைத்த முறையோ இடத்தை நோக்கியது. இடக்கை அடிவரிசையின் முதல் நான்கு என்று கற்பித்தால், மேலே எவ்வெழுத்து இருப்பினும் விரல் தடுமாறாது. தமிழ் 99இன்படி அவை ஔ, ஓ, ஒ, வ. மீட்க ஔகாரம், வெட்ட ஓகாரம், நகலுக்கு ஒகரம், ஒட்ட வகரம். இவற்றுள் கடைசி மட்டும் ஆங்கில ஒலிக்கும் தமிழ் ஒலிக்கும் ஒத்து, 'வி' இருந்த இடத்திலேயே 'வ' ஆக அமைந்திருக்கிறது.