ஹேவ்லாக் தீவிலிருந்து விமான நிலையம்: வாகன முன்பதிவில் கவனிக்க வேண்டியவை

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் பயணிகள் விமான நிலையம் இல்லை. 2018-ஆம் ஆண்டு ஸ்வராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட இங்கு தங்குவோர், கப்பலில் ஸ்ரீ விஜயபுரம் (முன்பு போர்ட் பிளேர்) சென்று, அங்குள்ள வீர சாவர்க்கர் சர்வதேச விமான நிலையத்தை அடைய வேண்டும்.

எனவே, விடுதியிலிருந்து படகுத்துறைக்கு ஒன்று, ஸ்ரீ விஜயபுரம் படகுத்துறையிலிருந்து விமான நிலையத்திற்கு மற்றொன்று என இரு வாகனங்கள் தேவை. அந்நகரில் ஹாடோ, பீனிக்ஸ் பே என வெவ்வேறு துறைகள் உள்ளன. ஆகையால் கப்பலின் பெயர், வந்துசேரும் நேரம், துறையின் பெயர் ஆகியவற்றை முன்பதிவின்போதே தெரிவிப்பது அவசியம்.

கடல் கொந்தளித்தால் கப்பல் சேவை ரத்தாகலாம். அப்போது வாகன முன்பதிவு மட்டும் கைகொடுக்காது. விமானம் புறப்படுவதற்கு முந்தைய நாளே ஸ்ரீ விஜயபுரம் திரும்பி, இரவு அங்கு தங்குவதே பாதுகாப்பானது.