கணபதி ஸ்தபதி: சிற்பி மட்டுமா?

போன ஜனவரியில் வேடந்தாங்கலில் பறவை பார்த்துவிட்டு மாமல்லபுரம் வழியாகச் சென்னை திரும்பினோம். சாலையோரப் பட்டறைகளில் உளிச் சத்தம் கேட்டதும் கூட வந்த நண்பர், "கன்னியாகுமரி வள்ளுவரைச் செஞ்ச சிற்பி இந்த ஊர்க் கல்லூரியிலதானே இருந்தார்?" என்றார். ஆமாம். ஆனால் 'சிற்பி' என்று மட்டும் சொன்னால் அது பாதி ஆள்தான்.

வை. கணபதி ஸ்தபதி 1927-ல் பிள்ளையார்பட்டியில், ஸ்தபதிகள் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரியில் படித்தது கணிதம். அப்பா வைத்தியநாத ஸ்தபதிக்குப் பிறகு மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரியின் முதல்வராக 27 ஆண்டுகள் இருந்தார். கோயில், மணிமண்டபம், சிலை எல்லாவற்றுக்கும் திட்டம் போட்டார். சென்னை வள்ளுவர் கோட்டத்தின் கல்தேர் (1976), திருவாரூர்த் தேரின் சாயலில் அவர் வடிவமைத்தது.

கன்னியாகுமரி சிலையில் அளவைக் குறளே தீர்மானித்துவிட்டது. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடி பீடம். மற்ற 95-க்கு 95 அடி உருவம். ஆக 133. கடல் நடுவே ஒரு பாறை. அதன்மேல் இடுப்பு லேசாக ஒசிந்து நிற்கும் கல் உருவம், உள்ளே கூடு. பாரம் எப்படிக் கீழே இறங்கும், காற்றை எப்படித் தாங்கும் என்பதெல்லாம் உளி வேலை இல்லை, பொறியியல். 2000 ஜனவரி 1-ல் திறந்தார்கள். 2004 சுனாமிக்கும் அசையவில்லை.

2009-ல் பத்மபூஷண், 2011-ல் மறைவு. பி.இ. படித்த நாலு வருஷத்தில் ஒரு வகுப்பில்கூட இவர் பெயரை நான் கேட்டதில்லை. 'மரபுக் கலைஞர்' என்று தனி அலமாரியில் வைத்துவிட்டோம். பொறியாளர்கள் வரிசையிலும் இவருக்கு ஓர் இடம் உண்டு.